வீட்டிலிருந்து வேலை: மிச்சம் எவ்வளவு, யாருக்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, முடிந்தவரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுங்கள் என்று தமிழக அரசு தனியார் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2024 அக்டோபர் மழையின்போதும் ஐ.டி. நிறுவனங்களுக்கு அதே வேண்டுகோள் போனது. தண்ணீர் வடிந்ததும் ஒரு கேள்வி எழும்: மழை நாளில் வீட்டிலிருந்து முடிகிற வேலைக்கு, மற்ற நாளில் எதற்கு, ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையின் நெரிசலில் இரண்டு மணி நேரம்?

நிறுவனங்கள் எதிர்த் திசையில் நகர்கின்றன. டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து வாரம் 5 நாளும் அலுவலகம் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியில் அதையே செய்தது. இரு தரப்பிடமும் எண்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்து பார்க்கும் அலுவலக வேலையால் (இங்கே சுருக்கமாக ‘வீட்டு வேலை’) உற்பத்தி 13 சதவீதம் கூடியது என்று ஓர் ஆய்வு, 18 சதவீதம் குறைந்தது என்று இன்னோர் ஆய்வு. கார்பன் உமிழ்வு பாதியாகும் என்று ஒன்று, வாரம் ஒரு நாள் என்றால் 2 சதவீதம்தான் குறையும் என்று அதே ஆய்வின் இன்னொரு பக்கம். இவை எல்லாமே முறையாக அளக்கப்பட்ட எண்கள். எதை அளந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

## அடிப்படை: இரண்டு நாட்களின் வித்தியாசம்

வீட்டிலிருந்து வேலை செய்வதன் பலன் என்பது ஒரு வித்தியாசம். அதே ஆள், அதே வேலை. அலுவலகம் போன நாளில் என்ன செலவானது, போகாத நாளில் என்ன செலவானது என்பதுதான் கேள்வி. கேட்க எளிது. ஆனால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதனால் யாரையாவது யாரோடாவது ஒப்பிட வேண்டியிருக்கிறது. பிழைகள் நுழைவது அங்கேதான்.

1. விரும்பி எடுத்தவர்களும் மற்றவர்களும். வீட்டு வேலையைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏற்கெனவே வேறு மாதிரியானவர்களாக இருக்கலாம். அவர்களை அலுவலகத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், இடத்தின் விளைவை அளக்கிறோமா, ஆளின் குணத்தை அளக்கிறோமா என்று பிரிக்க முடியாது.

2. சராசரியும் கூடுதலும். ஓர் அலுவலகத்தின் மின்கட்டணத்தை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும். ஒருவர் வராவிட்டால் அந்தத் தொகை குறையுமா? குறையாது. மைய ஏ.சி. அப்படியே ஓடும், விளக்கு அப்படியே எரியும். பலனை அளக்கும்போது பார்க்க வேண்டியது, அந்த ஒருவர் வராததால் கூடுதலாக எது நின்றது என்பதை.

3. எல்லை. நிறுவனத்தின் வாசலோடு கணக்கை நிறுத்தினால் வீட்டில் ஏறிய செலவு கணக்கிலேயே வராது. நிறுவனங்கள் காட்டும் பல சேமிப்பு எண்களுக்கு இதுதான் காரணம்: செலவு மறையவில்லை, ஊழியரின் வீட்டு மீட்டருக்குப் போய்விட்டது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2020 ஊரடங்கில் காற்று தெளிந்ததை வீட்டு வேலையின் சாதனையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அப்போது ஆலை, கடை, பள்ளி, லாரி என்று எல்லாமே நின்றிருந்தன. அதை ஐ.டி. ஊழியர் வீட்டிலிருந்ததன் பலனாகக் கணக்கில் எழுதக் கூடாது.

## உற்பத்தித்திறன்: ஏன் இத்தனை விடைகள்?

சீனாவின் பயணச் சேவை நிறுவனமான சிட்ரிப், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமின் குழுவோடு சேர்ந்து 2010 இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஷாங்காய் கால் சென்டரில் விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியான 249 பேரைப் பிறந்த தேதியை வைத்துப் பிரித்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வீட்டுக்கு, ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் அலுவலகத்துக்கு. பிறந்த தேதிக்கும் திறமைக்கும் தொடர்பில்லை என்பதால் இது நேர்மையான குலுக்கல். ஒன்பது மாதத்தில் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

அந்த 13-ஐப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். சுமார் 9 சதவீதம், ஷிஃப்டில் அதிக நிமிடங்கள் வேலை பார்த்ததால் வந்தது: இடைவேளை குறைவு, உடம்பு சரியில்லை என்ற விடுப்பு குறைவு. மீதி 4 சதவீதம்தான் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அழைப்பு என்ற வேகத்தில் வந்தது. அதாவது கூடுதலின் பெரும்பங்கு, ஊழியர் கொடுத்த கூடுதல் நேரம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். டேவிட் ஆட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூன்று பொருளியலாளர்களும் சென்னையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆட்களை எடுத்து, குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரித்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில் வீட்டில் வேலை பார்த்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு 18 அல்ல. வீட்டு வேலையை விரும்பியவர்கள் தொடக்கத்திலேயே 12 சதவீதம் வேகமானவர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்ததும் அவர்களுடைய திறன்தான் அதிகம் சரிந்தது, 27 சதவீதம். அலுவலகத்தை விரும்பியவர்களை வீட்டில் உட்கார வைத்தபோது சரிவு 13 சதவீதம்தான். குழந்தையையோ முதியவர்களையோ கவனிக்க வேண்டியவர்கள், வசதி குறைந்த வீட்டுக்காரர்கள் ஆகியோரிடம் இந்தச் சரிவு பெரிதாக இருந்தது. வேறு வழியில்லாததால் வீட்டு வேலையைக் கேட்கிறவருக்கு, அதே காரணத்தால் வீட்டில் வேலை ஓடுவதில்லை. ஒரு அறை, ஒரு ஃபேன், நடுவில் அழும் குழந்தை என்றால் யாருக்குத்தான் ஓடும்?

இதை வைத்து, அப்படியானால் வீட்டு வேலை வேண்டாம் என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு எதிரே இருக்கும் தேர்வு வீடா அலுவலகமா என்பதாக இல்லாமல், வீட்டிலிருந்து வேலையா, வேலையே இல்லையா என்பதாக இருக்கலாம். அப்போது ஒப்பிட வேண்டியது 82-ஐ 100-ஓடு அல்ல, 82-ஐ பூஜ்யத்தோடு.

மூன்றாவது ஆய்வு ஆசியாவின் ஒரு பெரிய ஐ.டி. சேவை நிறுவனத்தைப் பற்றியது. 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவைப் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்குப் போனபின் வேலை நேரம் கூடியது, முடித்த வேலை ஏறவில்லை. ஒரு மணி நேரத்துக்கான திறன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்தது. கூட்டங்களும் ஒருங்கிணைப்பும் நேரத்தைத் தின்றன.

நான்காவது, அதே சீன நிறுவனம் டிரிப்.காம் என்று பெயர் மாறியபின் 1,612 ஊழியர்களிடம் செய்த சோதனை. வாரம் 2 நாள் வீடு, 3 நாள் அலுவலகம். செயல்திறனிலும் பதவி உயர்விலும் எந்தப் பாதிப்பும் இல்லை. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2024-ல் வெளியான இந்த ஆய்வுதான், கலப்பு முறைக்கு இன்றிருக்கும் ஆகச் சிறந்த சான்று என்பேன்.

ஆக, தனியாக முடிக்கிற பழகிய வேலை, கற்றுக்கொண்டிருக்கும் புது வேலை, பத்துப் பேரோடு பேசி முடிக்கிற வேலை ஆகிய மூன்றுக்கும் மூன்று விடை. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அளப்பதா, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று அளப்பதா என்பதிலும் விடை மாறும். நிறுவனங்கள் பெரும்பாலும் முதலாவதைச் சொல்லும், ஏனென்றால் கூடுதல் மணி நேரத்துக்கு அவை சம்பளம் தருவதில்லை.

## பணம்: யார் பையிலிருந்து யார் பைக்கு?

முதலில் நேரம். 27 நாடுகளில் நடந்த ஒரு கருத்தாய்வின்படி, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் சராசரியாக 72 நிமிடப் பயண நேரம் மிச்சம். இந்தியாவில் 99 நிமிடம். அந்த 27 நாட்டுச் சராசரியில், மிச்சமான நேரத்தில் 40 சதவீதம் திரும்ப வேலைக்கே போகிறது, 34 சதவீதம் ஓய்வுக்கு, 11 சதவீதம் வீட்டாரைக் கவனிப்பதற்கு.

இந்த நேரத்தை ரூபாயாக்கும்போது பலர் முழுச் சம்பள விகிதத்தில் பெருக்கிவிடுகிறார்கள். போக்குவரத்துப் பொருளியலில் சொந்தப் பயண நேரத்தை மணிச் சம்பளத்தின் பாதியாக எடுப்பதே பரவலான வழக்கம். முழுச் சம்பளத்தில் பெருக்கினால் பலன் இரட்டிப்பாகத் தெரியும். வாரம் 2, 3 நாள் வீட்டிலிருக்கும் வாய்ப்புக்கு ஊழியர்கள் தரும் மதிப்பு என்ன என்று நேரடியாகக் கேட்ட ஆய்வும் உண்டு. சம்பளத்தில் சராசரியாக 5 சதவீதம் என்று வந்தது. ஊதிய உயர்வு தர முடியாத நிறுவனம் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோலும் மின்சாரமும். கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 20 கி.மீ. பைக் லிட்டருக்கு 45 கி.மீ. தருகிறது, பெட்ரோல் 100 ரூபாய். போய்வர 89 ரூபாய். வாரம் 3 நாள் வீட்டிலிருந்தால் இரண்டு மாதத்தில் 26 நாள், சுமார் 2,300 ரூபாய் மிச்சம்.

வீட்டில் அந்த 26 நாளும் பகல் முழுக்க ஏ.சி., ஃபேன், லேப்டாப் ஓடினால் நாளுக்குச் சுமார் 9 யூனிட். மொத்தம் ஏறக்குறைய 240. தமிழ்நாட்டில் இதற்கு வெறும் பெருக்கல் போதாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ஏறும் கட்டணம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த கட்டணச் சலுகையும் போய்விடும். தாண்டிய யூனிட் ஒவ்வொன்றுக்கும் 8 ரூபாய்க்கு மேல். வழக்கமாக 350 யூனிட் ஓடும் வீடு 590-ஐத் தொடும்போது, பெட்ரோலில் மிச்சமானதில் பெரும்பகுதியை மின்வாரியம் வாங்கிக்கொள்ளும். ஏ.சி. இல்லாமல் ஃபேனோடு சமாளிக்கிறவருக்குப் பெட்ரோல் காசு கிட்டத்தட்ட முழுசாக மிச்சம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போகும் பெண்ணுக்கு 2021 மே முதல் பயணமே இலவசம் என்பதால், பண மிச்சம் பூஜ்யம். நேரம் மட்டும்தான் மிச்சம்.

நிறுவனத்தின் பக்கம் வாடகை, மின்சாரம், பேருந்து ஒப்பந்தம் எல்லாம் குறையும். சிட்ரிப் சோதனையில் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் லாபம் என்று கணக்கிட்டார்கள். இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்: இடமாற்றம். அலுவலக ஏ.சி. செலவு ஊழியர் வீட்டுக்கு மாறினால் நாட்டுக்கு எதுவும் மிச்சமாகவில்லை, செலவு கை மாறியிருக்கிறது. பெட்ரோல் வரி குறைந்தால் ஊழியருக்கு லாபம், அரசுக்கு அதே அளவு நஷ்டம். துரைப்பாக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரின் வியாபாரம் ஊழியர் குடியிருக்கும் தெருவின் கடைக்குப் போகலாம். மொத்தக் கணக்கில் அது சமன். ஆனால் கடன் வாங்கிக் கடை போட்ட அந்த ஒருவருக்குச் சமன் ஆகாது. மொத்தத் தொகையை மட்டும் சொல்கிற எந்த ஆய்வையும் இதனால் நான் பாதி விடையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இடமாற்றம் இல்லாத உண்மையான மிச்சங்களும் உண்டு: எரிக்கப்படாத எரிபொருள், வீணாகாத நேரம், நடக்காத விபத்து. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். சாலையில் ஓடும் கிலோமீட்டர் குறைந்தால் இந்த எண் குறையும் வாய்ப்பு உண்டு. வீட்டு வேலை பற்றிய விவாதங்களில் இதை யாரும் பேசுவதே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

## புகை: ஒரு நாள் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ, ஏனென்றால் நம் மின்சாரத்தின் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி. அதே 20 கி.மீ. தூர ஊழியருக்கு ஒரு நாள் கணக்கைப் போடுவோம்.

பயணத்தில் தவிர்ப்பது:

1. தனியாகக் காரில், லிட்டருக்கு 12 கி.மீ.: 7.7 கிலோ.
2. பைக்கில்: 2 கிலோ.
3. 50 பேர் ஏறும் டீசல் பேருந்தில், லிட்டருக்கு 4 கி.மீ.: தலைக்கு அரை கிலோ. அதுவும் ஒருவர் ஏறாததால் பேருந்து நிற்கப் போவதில்லை.

வீட்டில் கூடுவது:

1. ஃபேன், விளக்கு, லேப்டாப் மட்டும்: 1 கிலோ.
2. ஒருவருக்காக 8 மணி நேரம் ஏ.சி. சேர்த்து: 6.6 கிலோ.

அலுவலகத்தில் குறைவது: ஓர் இருக்கைக்கு 8 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 150 யூனிட், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால், தளத்தையே பூட்டினால் நாளுக்கு 3.4 கிலோ மிச்சம். தளம் திறந்தே இருந்தால் ஏறக்குறைய எதுவும் இல்லை.

இப்போது சேர்த்துப் பாருங்கள். காரில் போகிறவர் ஃபேன் காற்றில் வேலை செய்தால் நாளுக்கு 6.7 கிலோ லாபம். அவரே ஏ.சி. போட்டால் லாபம் 1 கிலோவுக்குச் சுருங்கும். பைக்காரர் ஃபேனோடு இருந்தால் 1 கிலோ லாபம், ஏ.சி. போட்டால் 4.6 கிலோ நஷ்டம். அலுவலகத் தளத்தைப் பூட்டினாலும் அவர் கணக்கு 1.2 கிலோ நஷ்டத்தில்தான் நிற்கும். பேருந்தில் போகிறவருக்கோ தளம் பூட்டப்பட்டால் மட்டுமே லாபம், அதுவும் ஏ.சி. போடாதவரை. ஒரே அறையில் கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்தால், அல்லது வீட்டில் யாருக்காகவோ ஏற்கெனவே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால், விடை மறுபடி மாறும்.

சர்வதேச எரிசக்தி முகமை 2020-ல் போட்ட கணக்கும் இதே வடிவில்தான் இருக்கிறது. காரில் ஒரு வழி சுமார் 6 கி.மீ.க்கு மேல் போகிறவர் வீட்டிலிருந்தால் கார்பன் குறையும். அதைவிடக் குறைந்த தூரம் அல்லது பொதுப் போக்குவரத்து என்றால் கூடவும் செய்யலாம். உலகில் வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்த எல்லோரும் வாரம் ஒரு நாள் அப்படிச் செய்தால் ஆண்டுக்குச் சுமார் 2.4 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்றது அது. பெரிய எண் போலத் தெரியும். ஆனால் சாலைப் பயணிகள் போக்குவரத்து குடிக்கும் எண்ணெயில் இதனால் மிச்சமாவது சுமார் 1 சதவீதம்தான்.

கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 2023-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்பவரின் உமிழ்வு 54 சதவீதம் வரை குறையலாம். வாரம் 2 முதல் 4 நாள் என்றால் 11 முதல் 29 சதவீதம். ஒரு நாள் என்றால் வெறும் 2. ஐந்தில் ஒரு நாள் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டாமா? குறையாது. ஒரு நாள் மட்டும் ஆள் வராத இருக்கைக்காக யாரும் தளத்தைப் பூட்டுவதில்லை. மிச்சமான நேரத்தில் வேறு வேலைக்கு வண்டியை எடுப்பதும் நடக்கிறது. அப்புறம் இந்த 54 என்ற எண்ணைச் சென்னைக்குத் தூக்கிவரவும் முடியாது. அது தனிக் காரில் நீண்ட தூரம் போகும் ஊரின் எண். பைக்கும் பேருந்தும் ஓடும் ஊருக்குப் பொருந்தாது.

## மெதுவாக வரும் விளைவுகள்

மேலே போட்டது ஒரு நாள் கணக்கு. ஆண்டுகள் போகும்போது மீள்விளைவு தொடங்கும்: ஓரிடத்தில் மிச்சமானது இன்னோர் இடத்தில் செலவாகிவிடும். வாரம் 2 நாள்தான் அலுவலகம் என்றால் வேளச்சேரி வாடகையை விட்டுச் செங்கல்பட்டுக்குக் குடிபோகலாம். இரண்டு நாளில் ஓடும் தூரம் பழைய ஐந்து நாள் தூரத்தை எட்டிவிடும். சாலை காலியானால், இதுவரை ரயிலில் போனவர் கார் வாங்கலாம். முழுக்க வீட்டு வேலை என்றால் திருநெல்வேலிக்கே திரும்பிப் போகிறவரும் உண்டு. அது பெற்றோருக்கும் அந்த ஊரின் கடைவீதிக்கும் தரும் பலனை எந்தக் கார்பன் கணக்காலும் பிடிக்க முடியாது, ஆனால் அது உண்மையான பலன்.

## ஒரு எண் செய்தியில் வந்தால்

1. அந்தக் கணக்கின் எல்லைக்குள் ஊழியரின் வீடு இருக்கிறதா?
2. ஊழியர்கள் உண்மையில் எதில் வந்துபோகிறார்கள் என்று கேட்டார்களா, அல்லது எல்லோரும் காரில் வருவதாக வைத்துக்கொண்டார்களா?
3. எந்த நாளில் எந்தத் தளம் பூட்டப்பட்டது? ஆளுக்கொரு நாள் வீட்டிலிருப்பதைவிட, ஒரு பிரிவே ஒரே நாளில் வீட்டிலிருந்து தளத்தை மூடினால் சுற்றுச்சூழல் பலன் பல மடங்கு. அந்தப் பிரிவு மற்ற நாட்களில் ஒன்றாக இருப்பதால் புதியவர்கள் கற்றுக்கொள்ளவும் வழி கிடைக்கும்.
4. உற்பத்தி நாளுக்கா, மணிக்கா?
5. வீட்டு மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் நிறுவனம் ஏதாவது தருகிறதா?

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளவும் முடியாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கி.மீ. மெட்ரோ பாதைக்கான வேலை ஓ.எம்.ஆரில் நடக்கிறது. அது ஓடத் தொடங்கி காரும் பைக்கும் குறைந்தால், வீட்டிலிருப்பதால் தவிர்க்கும் புகையும் குறையும். அதே நேரம் சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடக் கூட வீட்டு ஏ.சி.யின் கார்பனும் இறங்கும். இந்த இரண்டில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து, இன்று 4.6 கிலோ நஷ்டத்தில் இருக்கும் அந்தப் பைக்காரரின் கணக்கு மாறும்.